நிலை சேரும் தேர்

நுழையும்முன்

வண்டிகள் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. ஆயினும், அவை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கின்றன. ஓடும் வண்டிக்குச் சாலை வேண்டும். நிற்கும் வண்டிக்கு நிலை வேண்டும். நிலை இல்லாத வண்டி சாலையையே தன் நிலையாக்கிக் கொள்ளும்பொழுது, நடப்பவரும் பேருந்தும் நோயாளியைச் சுமந்துவரும் ஊர்தியும் வழியிழக்கின்றனர். வடசென்னையின் தொடர்வண்டி நிலையங்களை ஒட்டிய தெருக்களை முன்வைத்து, இச்சிக்கலின் வேர்களையும் அதனைத் தீர்ப்பதில் குடிமக்களுக்குள்ள பங்கையும் இப்பாடம் ஆராய்கிறது.

தேரடி கற்பிக்கும் பாடம்

திருவொற்றியூரில் தேரடி என்றோர் இடம் உண்டு. இன்று மெட்ரோ நிலையம் ஒன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தேர் நிற்கும் இடமே தேரடி. தமிழகத்துக் கோயில் நகரங்கள் பலவற்றில் இப்பெயர் வழங்குவதைக் காணலாம்.

தேரோட்டம் என்பது தேரை ஓட்டுவதோடு முடிவதன்று. வீதிகளைச் சுற்றிவந்த தேர், புறப்பட்ட இடத்திற்கே திரும்பவேண்டும். அதனைத் ‘தேர் நிலைக்கு வந்தது’ என்று மக்கள் சொல்வர். நிலைக்கு வராத தேர் ஊருக்குக் கவலை. அது நடுவீதியில் நின்றுவிட்டால், மறுநாள் வடம் பிடித்தேனும் அதனை நிலைசேர்த்த பின்னரே ஊர் ஓய்வு கொள்ளும். வண்டி எவ்வளவு பெரியதாயினும், எவ்வளவு புனிதமானதாயினும் அதற்கென ஓரிடம் உண்டு. பணி முடிந்ததும் அது அங்கே சேரவேண்டும் என்பது தேரடி கற்பிக்கும் பாடம்.

தேரின் சக்கரத்தடியில் இடப்படும் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். இன்றைய பேச்சுவழக்கில் இச்சொல் தடையைக் குறிக்கிறது. ஆனால், தேரைத் திசைதிருப்புவதும் உரிய இடத்தில் நிறுத்துவதும் அக்கட்டைகளே. அவை இல்லையேல் தேர் வீதியோரத்து வீடுகளின்மீது பாயும். சாலை விதிகளை நம் விரைவுக்கு இடப்பட்ட தடைகளாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தண்டவாளம் வளர்த்த ஊர்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி வடசென்னையிலிருந்துதான் புறப்பட்டது. 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், அன்றைய சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை முதல் நாளிலிருந்து ராயபுரத்திற்கும் வாலாஜா ரோடு நிலையத்திற்கும் இடையே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின. 1873இல் சென்னை சென்ட்ரல் நிலையம் தோன்றும்வரை நகரின் தலைவாயிலாக ராயபுரமே விளங்கியது.

துறைமுகமும் தண்டவாளமும் அமைந்த இடத்தில் தொழிற்சாலைகள் பெருகுவது இயல்பு. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. எண்ணூரில் சரக்குந்து ஆலையும் அனல்மின் நிலையமும் தோன்றின. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அமைந்தன. தீப்பெட்டி ஆலையின் பெயரே ‘விம்கோ நகர்’ என்று ஊரின் பெயராகவும் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

அக்காலத் தொழிலாளர் பெரும்பாலும் நடந்தோ மிதிவண்டியிலோ நிலையத்திற்கு வந்தனர். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் ஆகிய நிலையங்களைச் சுற்றிய தெருக்கள் அக்கால்களின் அளவுக்கே அமைந்தவை. ஊர் வளர்ந்தது, 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளத்திற்கு மெட்ரோ வழித்தடம் திறக்கப்பட்டது. தேரடி நிலையமும் பணிமனை நிலையமும் 2022 மார்ச்சில் பயன்பாட்டுக்கு வந்தன. தண்டவாளங்கள் பெருகின, ஆனால், நிலையத்தின் வாசலுக்குச் செல்லும் தெருக்களின் அகலம் அதற்கேற்பப் பெருகவில்லை.

நெரிசல் பிறக்கும் விதம்

நெரிசலுக்கு ‘வண்டிகள் மிகுந்துவிட்டன’ என்பதே காரணம் எனப் பலரும் கூறுவர். அது முழு உண்மை அன்று. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும்.

பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவைக் கொள்வோம். இருபுறமும் மகிழுந்துகள் வரிசையாக நின்றால், பக்கத்திற்கு இரண்டு மீட்டர் வீதம் நான்கு மீட்டர் குறையும். எஞ்சுவது ஆறு மீட்டர். பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். எதிரெதிரே வரும் இரு பேருந்துகள் அவ்விடத்தை அரிதின் முயன்று கடக்கலாம். அந்நேரத்தில் ஓர் ஆட்டோ பயணியை இறக்குவதற்காக ஒரு நிமிடம் நின்றாலும் தெரு முழுவதும் அடைபட்டுவிடும். ஆகவே, நெரிசலை உண்டாக்குவது ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை மட்டுமன்று. நிற்கும் வண்டிகளின் இருப்பும் ஆகும்.

நிலையத்தை ஒட்டிய தெருக்களுக்கு மற்றுமோர் இயல்பு உண்டு. பிற தெருக்களில் மக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பர். இங்கோ அலை அலையாக வருவர். மின்தொடர்வண்டி நின்ற ஓரிரு நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோர் வாசலுக்கு வருகின்றனர். அவர்களை எதிர்நோக்கிப் பங்கு ஆட்டோக்கள் வாசலிலேயே காத்திருக்கின்றன. காலையில் நிறுத்திய இருசக்கர வண்டியை மாலையில் எடுப்போர், பூவும் பழமும் மீனும் விற்போர், பேருந்துக்கு ஓடுவோர் என அனைவரும் ஒரே இடத்தில் கூடுகின்றனர்.

வடசென்னைக்கே உரிய வேறோர் இடரும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டக முனையம் செயற்படத் தொடங்கியது. எண்ணூரில் 2001இல் மற்றொரு பெருந்துறைமுகம் அமைந்தது. அதுவே இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. பெரிய கன்டெய்னர் ஒன்றின் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர். அதனை இழுக்கும் முகப்பு வண்டியின் நீளத்தையும் சேர்த்தால், ஒரு டிரெய்லர் லாரி மூன்று மகிழுந்துகளின் இடத்தைக் கொள்ளும். துறைமுக வாயிலில் ஆவணச் சரிபார்ப்போ சுங்கச் சோதனையோ தாமதமாகும் நாள்களில் இந்த லாரிகளின் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் நீள்கிறது. அங்குத் தேங்குவதைத் தவிர்க்க முயலும் வண்டிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை நாடுகின்றன. துறைமுக வாயிலில் தோன்றிய தாமதம், பல கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலைய வாசலில் நெரிசலாக முடிகிறது.

சரக்குந்து ஓட்டுநரும் இதில் குற்றவாளி அல்லர். உண்ணவும் உறங்கவும் இடமின்றி வண்டியிலேயே இரவைக் கழிக்கும் அவரும் நிலை கிடைக்காத தேரோட்டியே. சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் பணி நின்றது. 2022 மே மாதத்தில் புதிய வடிவில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. பெருந்திட்டங்கள் நிறைவேற ஆண்டுகள் பல ஆகும். அதுவரை தெருவில் வாழ்வோர் என்ன செய்வது என்பதே கேள்வி.

தெரிந்து தெளிவோம்

வாகனம் நிறுத்தும் இடத்தைத் தமிழகத்தில் ‘வாகன நிறுத்துமிடம்’ என்கிறோம். இலங்கைத் தமிழர் அதனை ‘வாகனத் தரிப்பிடம்’ என்பர். தரித்தல் என்பதற்குத் தங்குதல், நிற்றல் என்ற பொருள்கள் உண்டு. பேருந்து நிற்கும் இடமும் அங்குத் தரிப்பிடமே.

சந்திப்பில் நின்ற ஒருவர்

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கு அருகில் உள்ளது பாரிமுனை. துறைமுகம், உயர்நீதிமன்றம், மொத்த வணிகத் தெருக்கள் ஆகிய மூன்றும் கூடும் அச்சந்திப்பு நெரிசலுக்குப் பெயர்பெற்றது. அங்கே, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, ஒரு குடிமகன் சாலையில் இறங்கி வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். 1934இல் பிறந்து 2021இல் மறைந்த ராமசாமி என்பவரே அவர். பாரிமுனையில் ஆற்றிய பணியால் ‘டிராஃபிக்’ என்னும் சொல் அவருடைய பெயரின் முன்னொட்டாக நிலைத்தது.

கையசைத்து வண்டிகளை ஒழுங்குபடுத்துவதால் அன்றைய நெரிசல் மட்டுமே தீரும் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே, நீதிமன்றத்தை நாடினார். விதிமீறிய கட்டடங்கள், நடைபாதையை அடைத்த விளம்பரப் பலகைகள் ஆகியவற்றுக்கு எதிராகப் பொதுநல வழக்குகள் பல தொடுத்தார். பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரம் பொருத்திய மீன்பாடி வண்டிகளால் நேர்ந்த விபத்துகளைச் சுட்டிக்காட்டி அவர் தொடுத்த வழக்கில், அவ்வண்டிகளுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது.

இவ்வழக்கு நமக்கு இரு செய்திகளை உணர்த்துகிறது. தனியொருவரின் விடாமுயற்சி ஒரு நகரின் நடைமுறையையே மாற்றவல்லது என்பது ஒன்று. மீன்பாடி வண்டி என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பெரிக்கும் தொழில் என்பது மற்றொன்று. பாதுகாப்பும் பிழைப்பும் மோதும் இடத்தில், ஒன்றை மட்டும் பார்ப்பவர் தீர்வில் பாதியை மட்டுமே காண்பார். மீன்பிடித் துறைமுகத்தையும் மீனவர் குடியிருப்புகளையும் கொண்ட காசிமேடு, ராயபுரம் பகுதிகளில் இதனை யாரும் மறக்க இயலாது.

சட்டம் தரும் கருவிகள்

குடிமக்கள் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வண்டிகள் நிற்பதற்கான இடங்களையும் கால அளவையும் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகிறது. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும்படி வண்டியை விட்டுச்செல்வதை 122ஆம் பிரிவு தடுக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரற்று நிற்கும் வண்டியையும், தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் அகற்றக் காவல் அலுவலர் ஆணையிடலாம் என்கிறது 127ஆம் பிரிவு.

தெருவோர வணிகருக்கெனத் தனிச்சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. அதன்படி, நகர விற்பனைக் குழுவில் வணிகரின் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையலாகாது. கணக்கெடுப்பு முடியும்வரை ஏற்கெனவே வணிகம் செய்வோரை வெளியேற்றவும் கூடாது. நிலைய வாசலில் கூடை வைத்திருக்கும் மூதாட்டியும் சட்டத்தின் பார்வையில் தெருவில் பங்குடையவரே.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்ட தகவலை முப்பது நாள்களுக்குள் தரவேண்டும் என விதிக்கிறது. ஒரு தெரு யாருடையது, அங்கு வாகன நிறுத்தத்திற்கு ஒப்புதல் உண்டா, எவ்வளவு கட்டணத்திற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது என்பனவற்றை இதன்வழி அறியலாம். ஊராட்சிகளில் கிராம சபை கூடுவதுபோல, நகரங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தில் கூடத் தொடங்கின. தெருவின் குறையை எடுத்துரைக்க இதைவிட அண்மையான அவை வேறில்லை.

இத்தனை கருவிகள் இருந்தும் சிக்கல் தொடர்வது ஏன்? நிலைய வளாகம் இரயில்வேக்கு உரியது; மெட்ரோ நிலையம் மெட்ரோ நிறுவனத்திற்கு உரியது; நெடுஞ்சாலை ஒரு துறைக்கும் உட்தெரு மாநகராட்சிக்கும் உரியன; பேருந்து நிறுத்தம் போக்குவரத்துக் கழகத்தைச் சார்ந்தது; ஒழுங்குபடுத்தும் பொறுப்பு காவல்துறைக்கு; லாரி வரிசையின் தலைப்பகுதி துறைமுகத்திடம். நிலைய வாசலில் நிற்பவருக்குத் தெரு ஒன்று, அலுவலகங்களோ பல. இவற்றை ஒருங்கிணைக்கும் நோக்குடனேயே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது.

எண்ணிப் பார்த்தல்

வடசென்னையின் குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர் அமைப்புகளும் நெரிசல் குறித்து நெடுங்காலமாக மனு அளித்து வருகின்றன. உயிரிழப்பு நேரும்பொழுது மறியலும் நடைபெறுகிறது. மறியல் துயரத்தை உலகுக்கு உணர்த்தும்; ஆனால் மறுநாள் காலை வண்டி எங்கே நிற்கவேண்டும் என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்வதற்குக் கணக்கு வேண்டும்.

‘எண்ணுதல்’ என்னும் தமிழ்ச்சொல் கணக்கிடுதலையும் குறிக்கும், சிந்தித்தலையும் குறிக்கும். நிலையத்தெருவில் ஒரு நாள் முழுவதும் மணிக்கொரு முறை நடந்து, நிற்கும் வண்டிகளை எண்ணினாலே அவை ஒரே இனத்தன அல்ல என்பது புலப்படும். காலை முதல் மாலைவரை நிற்கும் பயணியரின் இருசக்கர வண்டிகள் ஒரு வகை. கடைக்கு வந்து அரைமணியில் புறப்படுவன மற்றொரு வகை. ஆளை இறக்கிவிட்டு உடனே செல்வன, சரக்கு இறக்குவன, பயணிக்காகக் காத்திருக்கும் ஆட்டோக்கள், மாதக்கணக்கில் துருப்பிடித்து நிற்பன எனப் பிற வகைகளும் உண்டு.

வகை தெரிந்தால் தீர்வும் தெரியும். நாள்முழுதும் நிற்கும் வண்டி வாசலுக்கு அண்மையில் நிற்கவேண்டியதில்லை. சற்றுத் தள்ளியுள்ள நிறுத்துமிடம் போதும். வாசலை ஒட்டிய இடம் இறக்கி ஏற்றுவோருக்கும், மாற்றுத்திறனாளருக்கும், ஆட்டோவுக்கும் உரியது. சரக்கை வணிக நேரத்திற்கு முன்னர் இறக்கலாம். துருப்பிடித்த வண்டியைச் சட்டப்படி அகற்றலாம். ஒரு மகிழுந்து நிற்கும் பன்னிரண்டரைச் சதுர மீட்டரில் ஏழு, எட்டு இருசக்கர வண்டிகளை நிறுத்தலாம் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஒரே இடத்தை வெவ்வேறு பொழுதுகளில் வெவ்வேறு பயனுக்கு உரியதாக்குதல் தமிழர்க்குப் புதியதன்று. பகலில் கூடுவது நாளங்காடி என்றும் இரவில் கூடுவது அல்லங்காடி என்றும் சங்ககாலத்தவர் வணிகத்தைப் பொழுதால் பகுத்தனர். புகார் நகரின் நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட வெளியில் அமைந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. குடியிருப்பு நெரியாமல் வணிகத்திற்கென இடம் ஒதுக்கிய நகரமைப்பு அது.

எண்ணும்பொழுது மற்றோர் உண்மையும் வெளிப்படும். தெருவை அடைத்து நிற்கும் வண்டிகளுள் பல அத்தெருவில் வாழ்வோருடையவை. வீட்டு வாசலின் சாய்தளம் நடைபாதையை விழுங்கியிருக்கும். வீட்டினுள் வண்டிக்கென விடப்பட்ட இடம் கடையாகியிருக்கும். வெளியூர் வண்டியைக் குறைகூறுமுன் தன் வாசலைப் பார்க்கும் நேர்மை இல்லாத சங்கம், பிறரிடம் நேர்மையை எதிர்பார்க்க இயலாது.

பிற இடங்களின் பட்டறிவு

ஜப்பான் நாடு 1962இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, பெரும்பாலான நகரங்களில் மகிழுந்து வாங்குபவர், தெருவுக்கு வெளியே அதனை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என்பதை மெய்ப்பிக்கவேண்டும். அவ்விடம் இருப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். தேரைச் செய்யுமுன் தேரடியை அமைக்கும் முறை இது.

இந்தியாவின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006இல் வெளிவந்தது. வண்டிகளை நகர்த்துவதன்று, மனிதர்களை நகர்த்துவதே போக்குவரத்தின் நோக்கம் என்பது அதன் உட்கருத்து. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகன்ற நடைபாதை வணிகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் எழுந்த தெருவில் இன்று மக்கள் குடும்பத்துடன் உலவுகின்றனர். தென்சென்னையின் வணிகத் தெருவுக்குக் கிடைத்த அகலம், வடசென்னையின் உழைப்பாளர் நடக்கும் தெருவுக்கும் கிடைக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

வடம் பிடித்தல்

விடியற்காலையில் பணிக்கு விரையும் ஆலைத் தொழிலாளி, மீன்கூடையுடன் வண்டியேறும் பெண், சீருடையுடன் சாலையைக் கடக்கும் சிறுமி ஆகிய மூவருக்கும் நிலைய வாசலே ஊரின் வாசல். அவ்வாசலில் ஒரு மீட்டர் அகலத்திற்கு வழி கிடைப்பது சிலருக்கு வசதி, சிலருக்குப் பிழைப்பு, ஸ்டான்லி மருத்துவமனையை நோக்கி விரையும் ஊர்தியில் இருப்பவருக்கு உயிர்.

தேரை ஒருவர் இழுக்க இயலாது. ஒருவரை ஒதுக்கிவிட்டு இழுப்பதும் முறையாகாது. அரசு அலுவலர், சரக்குந்து ஓட்டுநர், ஆட்டோ ஓட்டுநர், தெருவோர வணிகர், குடியிருப்போர், பயணியர் ஆகிய அனைவரும் வடத்தில் கைவைக்கவேண்டும். திருப்பத்தில் முட்டுக்கட்டை இடுபவரை வெறுக்காமல் மதிக்கவும் வேண்டும். அந்நாளில் நிலையத்தின் வாசல் நெரியாது, தேரும் நிலைசேரும்.

சொல்லும் பொருளும்

நிலை – நிற்கும் இடம். தேர் நிறுத்தப்படும் இடம்
வடம் – தேரை இழுக்கும் பெருங்கயிறு
அல்லங்காடி – இரவில் கூடும் கடைவீதி
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் பேருந்து நிலையம் அல்லது தொடர்வண்டி நிலையத்தின் வாசலில் நிற்கும் வண்டிகளைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளில் எண்ணி வகைப்படுத்திப் பட்டியலிடுக.
2. அப்பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, பகுதி சபை அல்லது கிராம சபைக்கு அளிக்கத்தக்க கோரிக்கை மனு ஒன்றை எழுதுக.
3. ‘பாதுகாப்பும் பிழைப்பும் மோதும்பொழுது எது முன் நிற்கவேண்டும்?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
4. தேர், நிலை, வடம், முட்டுக்கட்டை ஆகிய சொற்கள் இப்பாடத்தில் பெறும் பொருள்களை விளக்கி ஒரு பத்தி எழுதுக.